டீக்கடை ஃபேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டிப்பய எல்லாரும் சுகம்தானே. அவனுக்குச் சளி விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கூப்பிட்டு, "என்னப்பா, ஊரான் வீட்டுப் புள்ளைய நடுரோட்டுல வச்சு அறையிறீங்க?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள், "அன்னிக்கு என்னை அடிச்ச மாதிரியேதான்" என்று இன்னொன்றும் சொன்னாய். அப்புறம் எனக்கு நாக்கு எழவில்லை. உங்கம்மா போனைப் பிடுங்கி, "அவருக்கு இன்னும் படபடப்பு அடங்கல, விடு" என்று பேச்சை மாற்றிவிட்டாள். படபடப்பெல்லாம் சாயந்திரமே அடங்கிவிட்டது. பதில்தான் வரவில்லை. எனக்குப் பேச்சைவிட எழுத்து கொஞ்சம் வரும். முப்பது வருஷமாக மின்வாரியத்தில், லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி வாங்குகிற எல்.சி. புத்தகத்தில் நேரம் போட்டு எழுதிய பழக்கம். அதே மாதிரி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த வீடியோ நாற்பத்தொரு செகண்ட். நானும் பார்த்துவிட்டேன். புகை தெரிகிறது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் கத்துவது தெரிகிறது. ஒரு பையன் மூங்கிலோடு ஓடுகிறான், நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து அறைகிறேன். அதோடு முடிந்துவிடுகிறது. ஒரு குரூப்பில் 'அரசு ஊழியரின் அராஜகம்' என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் சினிமாப் பாட்டைப் பின்னால் ஓடவிட்டு 'நிஜ ஹீரோ' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு வந்தது பாட்டுப் போட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

மூன்று வாரத்துக்கு அப்புறம் கிடைத்த லீவு அது. அறுப்புக் காலத்தில் எங்களுக்கு லீவு ஏது? ராத்திரி பகலாக அறுப்பு மெஷின் ஓடும். ஒருத்தன் கம்பத்தில் இடிப்பான், ஒருத்தன் கம்பம் சாயாமல் தரையோடு சேர்த்துக் கட்டிய ஸ்டே கம்பியை இழுத்துக்கொண்டு போவான். தாளடி அறுப்பும் ஓய்ந்து, மாசி வெயிலில் வயலெல்லாம் வெறும் தாளாகக் கிடந்தது. உங்கம்மா முந்தின ராத்திரியே பட்டியல் போட்டு வைத்திருந்தாள்: கிரைண்டர் பெல்ட், கோழிக்கூண்டுக் கதவு, பரண்மேல் இருக்கும் பித்தளைப் பாத்திரம். எல்லாவற்றுக்கும் முதலில் மீன். ரொம்ப நாளாக மடவை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முத்துப்பேட்டைக்காரர் ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாமணியாற்றுப் பாலத்துக்கிட்டே கூடை வைப்பார், ஏரிக்கு வந்த மடவையாக இருக்கும். ஒன்றரைக் கிலோ வாங்கினேன். செவுளைத் தூக்கிப் பார்த்தால் அப்போதுதான் அறுத்த மாதிரி சிவப்பு. பையை எக்ஸ்.எல். கொக்கியில் மாட்டிக்கொண்டு, மெயின் ரோட்டை விட்டுக் கிராமத்து ரோட்டில் திரும்பினேன். சீக்கிரம் வீடு போகலாம் என்று இல்லை. அந்த ரோட்டில் ஒரு டீக்கடை உண்டு, அந்த அக்கா போடுகிற டீயை லீவு நாளில்தான் உட்கார்ந்து குடிக்க முடியும்.

கடையில் ஓட்டுச் சட்டத்தில் தொங்கும் ஒரு பழைய ஃபேன். இறக்கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். "பேரிங் போயிடுச்சு, மாத்துங்கக்கா" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "நீங்க வந்து மாத்திக் குடுங்க"ம்பார். அன்றைக்கும் அதே பேச்சுதான்.

மணி பத்து இருபது இருக்கும். எதிர்க் களத்திலிருந்து வைக்கோல் லாரி ஒன்று ரோட்டில் ஏறியது. இப்போதெல்லாம் வைக்கோல்போர் கிடையாது பாப்பா. மெஷின் சுருட்டிக் கட்டிப் போட்டுவிடுகிறது, ஒவ்வொரு ரோலும் பதினைந்து இருபது கிலோ. கேரளாவுக்கும் நாமக்கல் பக்கமும் மாட்டுக்குப் போகிறது. பாடியின் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, மேலே வரிசை வரிசையாக அடுக்கி, கயிற்றைப் போட்டு முறுக்கியிருந்தார்கள். பார்த்த உடனே என் கண் மேலே போனது. இது தொழில் கோளாறு. மனிதன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். உன் கல்யாண மண்டபத்திலேயே மாப்பிள்ளை அழைப்பின்போது சீரியல் செட்டு ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று இன்றைக்கும் கேலி செய்வாயே.

மேலே 11 கே.வி. லைன், அதாவது பதினோராயிரம் வோல்ட், ரோட்டைக் குறுக்கே கடக்கிறது. மூன்று கம்பி. வெயிலில் அலுமினியம் நீண்டு, நடுவில் தொட்டில் மாதிரி தொங்குகிறது. "நிறுத்து, நிறுத்து" என்று எழுந்தேன். டிரைவருக்கு எங்கே கேட்கப்போகிறது!

மேல் வரிசை ரோல் போய் ஒரு கம்பியை இழுத்தது. அது அடுத்த கம்பியில் உரசி 'படார்' என்று ஒரு சத்தம், நீல வெளிச்சம். தலைக்கு மேலே டக் டக் என்று ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மெதுவாகி நின்றது. கோளாறு என்றால் தானாகக் கரண்டைத் துண்டிக்கிற பிரேக்கர் சப் ஸ்டேஷனில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். இழுபட்ட கம்பி அறுந்திருந்தால்கூடத் தேவலை. அறவில்லை. இன்சுலேட்டரை விட்டுக் கழன்று, வைக்கோலுக்கு மேலே மாலை போட்ட மாதிரி படிந்துவிட்டது. உரசியபோது உருகிச் சொட்டிய அலுமினியம் வைக்கோலில் விழுந்து, பின்பக்கம் உச்சியில் தீ.

இங்கேதான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். ஃபேன் நின்றுவிட்டது, அதனால் லைன் செத்துவிட்டது என்று அங்கே நின்ற அத்தனை பேரும் நினைத்தார்கள். படித்தவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் பிரேக்கர் விழுந்தால் ஆபரேட்டர் என்ன செய்வார்? எங்கேயோ மட்டை விழுந்திருக்கும், காக்கா உட்கார்ந்திருக்கும், போயிருக்கும் என்று ஒன்றிரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு மறுபடி சார்ஜ் போட்டு, அதாவது லைனில் கரண்ட் விட்டுப் பார்ப்பார். நிற்கிறதா, விழுகிறதா என்று பார்க்கத்தான். அது அவர் வேலை, குற்றம் சொல்ல முடியாது. லாரி இப்போது நாலு பக்கமும் டயரில் நிற்கிறது. கம்பி ஒன்றுதான் அதன்மேல் கிடக்கிறது. மறுபடி சார்ஜ் போட்டால், தரைக்குப் போகிற கரண்ட், பிரேக்கரை விழவைக்கிற ரிலேவுக்குப் புரிகிற அளவுக்கு இருக்காது. பிரேக்கர் விழாமல் நிற்கும். லாரி முழுக்க உயிரோடு இருக்கும், பார்க்கிற கண்ணுக்குச் சும்மா நிற்கிற லாரிதான். டயர் ரப்பர்தானே என்பார்கள். டயருக்குள் கரி இருக்கிறது, எஃகுக் கம்பி இருக்கிறது. பதினோராயிரத்துக்கு அது எவ்வளவு நேரம் தாங்கும்?

சப் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். எங்கேஜ்டு. மறுபடி போட்டேன். எங்கேஜ்டு. கரண்ட் எப்போது வரும் என்று கேட்டு ஊரே அந்த நம்பருக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, டி.வி. பார்க்கிற நேரம்.

டிரைவர் கதவைத் திறந்து, ஒரு கை கதவுக் கைப்பிடியில், ஒரு கால் படியில். "இறங்காதே! உள்ளயே இரு!" என்று கத்தினேன். ஜனம் என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. "தீ புடிச்சிருக்கு, உள்ள இருங்குறானே இந்தாளு" என்று ஒரு கிழவர் மண்ணை வாரித் தூற்றினார். அவர் மேல் தப்பில்லை. தீ பின்பக்கம் உச்சியில், கேபினுக்கு வர இரண்டு மூன்று நிமிஷம் ஆகும் என்று நான் கணக்குப் போட்டேன். அதற்குள் போன் கிடைத்துவிடும் என்றும் போட்டேன். அந்தக் கணக்கு சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்த ஒன்றரை நிமிஷம் லைன் நிஜமாகவே செத்துத்தான் கிடந்தது. நான் பேசாமல் இருந்திருந்தால் அந்த ஆள் சாதாரணமாக இறங்கி நடந்து வந்திருப்பார். அதை நினைத்தால்தான் ராத்திரியில் விழிப்பு வருகிறது. உங்கம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

அப்போதுதான் அந்தப் பையன். இருபத்திரண்டு வயசு இருக்கும். பந்தலுக்கு வெட்டிப் போட்டிருந்த பச்சை மூங்கிலைத் தூக்கிக்கொண்டு, "கரண்ட் இல்ல, கம்பியத் தூக்கிவிடுறேன், அண்ணன் எறங்கிடட்டும்" என்று ஓடுகிறான். பச்சை மூங்கிலில் தண்ணீர் இருக்கிறது. கரண்டுக்கு அதுவும் கம்பிதான். "தம்பி வேண்டாம்" என்றேன். நிற்கவில்லை. ஓடிப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உதறினான். அறைந்தேன்.

எனக்குப் பின்னால் கடையில் 'டக்' என்றது.

ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டேன். லாரியின் பின் டயருக்கு அடியில் 'ஸ்ஸ்' என்று சீறி, ஓரத்துப் புல் கருகிப் புகைந்தது. அதைப் பார்த்ததும் ஜனம் தானாகவே பின்வாங்கியது. பையன் கையில் இருந்த மூங்கில் கீழே விழுந்தது. நான் பிடுங்கவில்லை, அவனே போட்டுவிட்டான்.

இனி டிரைவரை உள்ளே வைத்திருக்க முடியாது, தீ முன்னால் வந்துகொண்டிருந்தது. எங்கள் டிரெய்னிங்கில் ஆயிரம் தடவை சொன்னதை முதல் தடவையாக ஒரு ஆளுக்குக் கத்திச் சொன்னேன். "அண்ணே, படியில இறங்காதீங்க. கையை விடுங்க. ரெண்டு காலையும் சேர்த்து வச்சு வெளிய குதிங்க. வண்டியத் தொடாதீங்க. குதிச்சதும் காலைப் பிரிக்காம தவளை மாதிரி தத்தித் தத்தி வாங்க!" வண்டியில் ஒரு கை, தரையில் ஒரு கால் என்று இருந்தால் ஆள் வழியாகத்தான் கரண்ட் மண்ணுக்குப் போகும். தாவித் தரைக்கு வந்தாலும் தப்பித்தாயிற்று என்று இல்லை. மடை உடைந்த இடத்தில் தண்ணீர் வேகமாகவும், தள்ளித் தள்ளிப் போகப் போக மெதுவாகவும் பரவுகிற மாதிரி கரண்ட் மண்ணில் பரவியிருக்கும். ஒரு கால் இங்கே, ஒரு கால் ஒரு எட்டு தள்ளி என்றால் இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம். அறுந்து விழுந்த கம்பிக்குப் பக்கத்தில் மனிதன் பிழைத்து மாடு சாவது இதனால்தான். மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் எவ்வளவு தூரம், பார்.

ஐம்பது வயசுக்காரர், கொஞ்சம் தொந்தி. கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். விழவில்லை, அது அவர் குலசாமி புண்ணியம். லுங்கியைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தார். ஒரு செருப்பு அங்கேயே கழன்றுவிட்டது. இரண்டு சின்னப் பசங்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டன. எனக்கும் சிரிப்பு வந்தது என்றால் நம்புவாயா? நாற்பதடி தள்ளி வந்தும் அவர் நிறுத்தவில்லை, டீக்கடை பெஞ்சு வரைக்கும் தத்தியே வந்தார். அந்த அக்காதான், "போதும்ண்ணே, உக்காருங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

போன் அப்புறம்தான் கிடைத்தது. "இப்பத்தாண்ணே டெஸ்ட் சார்ஜ் போட்டேன், நிக்குதே" என்றார் ஆபரேட்டர். "நிக்கும், லாரி மேல நிக்குது, எடுங்க" என்றேன். 10.31க்கு ஃபேன் நின்றது. அதற்கு அப்புறமும் யாரையும் கிட்டே விடவில்லை. டியூட்டி வயர்மேன் வந்து, லைனைப் பிரிக்கிற ஏ.பி. சுவிட்சைத் திறந்து, கம்பியை மண்ணோடு இணைக்கிற எர்த் ராடை இரண்டு பக்கமும் மாட்டிய பிறகுதான் தீயணைப்பு வண்டி தண்ணீரை அடித்தது. வைக்கோல் தீ வெளியே அணையும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். ஜே.சி.பி. வைத்து ஒவ்வொரு ரோலாக இழுத்துப் போட்டுப் போட்டு நனைத்தார்கள். முடிய மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. லாரி முன்பாதி எலும்பாக நின்றது.

டிரைவர் வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்துவிட்டார். போன் கேபினோடு எரிந்துவிட்டது. வீட்டுக்குச் சொல்லுங்கள் என்று என் போனைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பெண்டாட்டி நம்பர் ஞாபகம் வரவில்லை. மகன் நம்பரும் வரவில்லை. மனப்பாடமாக இருந்தது ஒரே நம்பர், லாரி ஓனருடையது. அதைப் போட்டு, "வண்டி போயிடுச்சு மொதலாளி" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று இரண்டு தடவை சொன்னார். உன் நம்பரும் எனக்கு மனப்பாடம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இப்போது மனப்பாடம் செய்துவிட்டேன். அம்மா அன்றைக்கே முடித்துவிட்டாள்.

மீனை மறந்தே போனேன். வெயிலில் வண்டியோடு கிடந்து நாறியிருக்கும் என்று ஓடினால், பையைக் காணோம். டீக்கடை அக்கா பன்னிரண்டு மணிக்கே எடுத்து, கழுவி, உப்புப் போட்டு வைத்திருந்தார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா வீணாத்தான் போவும். இந்தாளு காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றார். நானும் தலையாட்டினேன். அடுப்பில் குழம்பு வைத்து டிரைவருக்குப் போட்டார், நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். வீட்டில் மசாலா அரைத்து வைத்துவிட்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது. நாலரைக்குப் போனேன். ரசம், அப்பளம். பேச்சு கிடையாது. கோழிக்கூண்டுக் கதவு இன்னும் தொங்குகிறது.

எல்.சி. இருக்கும்போதே ஒரு காரியம் செய்தேன். அசையாமல் இருந்த மற்ற இரண்டு கம்பியையும் ரோட்டிலிருந்து அளந்தேன். பதினேழடிக்குச் சற்றுக் குறைவு. ரோட்டைக் குறுக்கே கடக்கிற 11 கே.வி. கம்பி 6.1 மீட்டருக்குக் குறையக் கூடாது, அதாவது 20 அடி. 1956ஆம் வருஷத்து விதியிலேயே இருக்கிற அளவு. கம்பம் நட்டவர்கள் சரியாகத்தான் நட்டிருக்கிறார்கள். கம்பத்தின் காலில் போட்ட கான்கிரீட் இன்றைக்கு ரோட்டுக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. கம்பி கொஞ்சம் தொய்ந்தது, ரோடு நிறைய ஏறியது. பழைய ரோட்டு மேலேயே புது ரோடு, அது மேலேயே இன்னொன்று. 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று உத்தரவு போட்டாரே, நீதான் பேப்பரில் படித்துக் காட்டினாய். வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வருகிறது என்றுதான் அப்போது எல்லாரும் அதைப் பேசினார்கள். மேலே இருக்கிற கம்பியைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

திங்கட்கிழமை சாயந்திரம் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அம்மா வேண்டாம் என்றாள், "நாலு பேரைக் கூட்டி வச்சுக்கிட்டுக் கேப்பாங்க" என்று பயந்தாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அப்பா இல்லாத பையன். அவங்க அம்மா பாயை விரித்து, சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பி கொடுத்தார். பையன் உள்ளேயிருந்து வரவில்லை. காப்பி ஆறி, நான் எழுந்திருக்கிற நேரத்தில் வந்து நிலைப்படியில் நின்றான். கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் முடித்தவனாம். மின்வாரியத்தில் கேங்மேன் வேலைக்கு எப்போது ஆள் எடுப்பார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்துக் கேட்டான், "ஃபேன் நின்னுச்சே சார்?"

அவ்வளவுதான் கேட்டான். அடித்தாயே என்று கேட்கவில்லை. டெஸ்ட் சார்ஜ் பற்றிச் சொன்னேன். "அது எங்களுக்குச் சொல்லிக் குடுக்கல சார்" என்றான். அரைமணி நேரம் பேசினோம், எர்த் ராடு ஏன் இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும், ஜெனரேட்டர் வைத்திருக்கிற வீட்டிலிருந்து கரண்ட் எப்படித் திரும்பி வரும் என்றெல்லாம். கிளம்பும்போது, "தம்பி, அடிச்சது தப்புதான்" என்றேன். "பரவால்ல சார்" என்றான். பரவாயில்லை என்று அவன் முகம் சொல்லவில்லை. ஊரே பார்த்திருக்கிறது, அவன் வயசுப் பெண்களும் பார்த்திருப்பார்கள். அது போக நாளாகும்.

இப்போது நீ சொன்ன இரண்டாவது விஷயம். நீ நாலாவது படிக்கும்போது, கொல்லைக் கம்பத்தின் ஸ்டே கம்பியில் ஆட்டுக்குட்டியைக் கட்டிவிட்டு, அதைப் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தாய். நான் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வந்து முதுகில் ஒன்று வைத்தேன். ஏன் என்று சொல்லவில்லை. "தொடாதே" என்றதோடு சரி. நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால் பக்கத்து செக்‌ஷனில் ஒரு விவசாயி மாட்டைப் பிடிக்கப் போய் ஸ்டே கம்பியில் சாய்ந்திருக்கிறார். மேலே இன்சுலேட்டர் உடைந்து ஒயர் அதில் பட்டுக்கொண்டிருந்தது. அவரைத் தூக்கின நாலு பேரில் நானும் ஒருத்தன். அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். அதை ஒன்பது வயசுப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? உங்கம்மாவிடமும் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டது, இப்படி வருஷக்கணக்காகப் போய்விட்டது.

சொல்லாமல் விட்டது அது ஒன்றா! 2018இல் கஜா அடித்தபோது நீ தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாய். நான் தலைஞாயிறு பக்கம் கம்பம் நட்டுக்கொண்டிருந்தேன். லட்சத்துக்கு மேல் கம்பம் சாய்ந்த புயல், கேரளாவிலிருந்துகூட லைன் ஆட்கள் வந்து எங்களோடு சேற்றில் நின்றார்கள். குட்டிப்பயல் பிறந்து பத்தொன்பதாம் நாள்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். அப்பாவுக்கு வேலைதான் பெரிசு என்று நீ அப்போது சொன்னதாக அம்மா சொன்னாள். அப்படி இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஊரே இருட்டாக இருந்தபோது அந்த வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

சரி, பையனுக்கு வருகிறேன். நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அறைந்தது முதலா, ஃபேன் சத்தம் முதலா, எனக்கே தெரியவில்லை. சத்தம் கேட்டு அறைந்திருந்தால் அது அவன் உயிருக்காக. அறைந்த பிறகு சத்தம் கேட்டது என்றால், "தம்பி வேண்டாம்" என்ற பேச்சை அவன் கேட்கவில்லை என்கிற கோபம். பயமும்தான். இழுத்துப் பிடித்தாலே போதும், பிடித்தும் இருந்தேன். மேலே எழுதியபோது அறைந்ததை முதலில் எழுதிவிட்டேன், எழுதிய பிறகுதான் கவனித்தேன். அடித்துத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும். எனக்கு வந்த வீடியோவில் பாட்டுதான் கேட்கிறது. பாட்டு இல்லாதது டீக்கடை அக்கா மகன் போனில் இருக்கிறது, கேட்டால் கொடுப்பான். தினமும் அந்தப் பக்கம்தான் போகிறேன். இன்னும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் செய்தேன். அந்த இடம் என் செக்‌ஷன் இல்லை. ஆனால் என் செக்‌ஷனில் அதே மாதிரி ரோடு ஏறிக் கம்பி தாழ்ந்த இடம் நாலு எனக்குத் தெரியும். இரண்டை ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்ற இரண்டை அடுத்த மாசம், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். புதன்கிழமை ஷட் டவுனில் மூன்றாவதை அளந்து எழுதிக் கொடுத்தாயிற்று. பதினெட்டடி. நாலாவது கோயில் தெருவில், தேர் வருகிற வழி. நாளைக்குப் போக வேண்டும்.

நீ குடியிருக்கிற ஃபிளாட்டில் மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற சுவிட்சில், 'T' என்று இங்கிலீஷில் எழுதிய ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாசத்துக்கு ஒருமுறை அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் மொத்த வீட்டுக்கும் கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் ஹீட்டரைப் போடாதே, எனக்குக் கூப்பிடு. குட்டிப்பயலையும் பக்கத்தில் நிறுத்தி, ஏன் அமுக்குகிறோம் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே அமுக்கு.

மடவை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாங்கித் தருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். மெயின் ரோட்டோடு வரச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா